வாழைமர நோட்டில் மீட்ட வீடு

கிள்ளானில், காப்பார் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, நான் இன்றைக்கும் குடியிருக்கும் பலகை வீட்டை ஒரு பழைய சைக்கிளை விற்றுக் கடனிலிருந்து மீட்டேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் மகள்கூட, "சைக்கிள் வித்த காசுல வீடா? சும்மா அளக்காதீங்கம்மா" என்பாள். நான் அளக்கவில்லை. கோர்ட்டுக்குப் போய், வழக்காடி, ஜெயித்துத்தான் மீட்டேன். அந்த ஜெயத்தைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். பெருமைக்காக இல்லை. பெருமையெல்லாம் அந்த வருஷத்தோடு போயிற்று.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் பிட்டர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கோட்டர்ஸில்தான் குடித்தனம். ஒரே அறை, பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். எனக்கு அந்த இடம் பிடிக்கவே இல்லை. சொந்தமாக ஒரு கிணறு, நாலு தென்னை, எவன் முகத்திலும் விழிக்காமல் துணி காயப்போட ஒரு கொல்லை, இதுதான் என் ஆசை. தாலியைத் தவிர மிச்ச நகையெல்லாம் போட்டுக் கிள்ளானில் நிலம் வாங்கினோம். நகை என்னுடையது, அதனால் கிராண்டும் என் பெயரில். கிராண்டு என்றால் நிலத்துப் பட்டா. வீடு கட்டக் காசு போதவில்லை. கிள்ளானில் செட்டியார் கிட்டங்கிக்குப் போய், அந்தக் கிராண்டை ஈடு வைத்து அறுநூறு வெள்ளி, அதாவது அறுநூறு டாலர், வாங்கினோம். சண்டை இங்கே வருவதற்கு ஒன்றரை வருஷம் முன்னால் நடந்தது இது.

கிட்டங்கி என்பது ஒரு நீளமான கூடம். இரண்டு பக்கமும் பாய் விரித்து, ஒவ்வொரு பாயிலும் ஒரு மரப்பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் கடலுக்கு அந்தப் பக்கம், ஊரில் ஒரு முதலாளி. அவர் இங்கே வரமாட்டார். அவருக்குப் பதிலாகப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் மேலாள். மூன்று வருஷத் தவணைக்குக் கப்பலேறி வருவார். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டி வரக்கூடாது. சம்பளத்தில் முன்பணம் போக மீதியை ஊருக்குத் திரும்பிக் கணக்கு ஒப்படைத்த பிறகுதான் கொடுப்பார்கள். வாராத கடனைக் கொடுத்திருந்தால் அது அவர் தலையில் விழும். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் செட்டியார் என்றால் பணம், பணம் என்றால் செட்டியார்.

எங்களுக்குக் கடன் கொடுத்த மேலாளுக்கு நாற்பது வயசுக்குள்தான் இருக்கும். ஒல்லி. நெற்றி நிறையத் திருநீறு. பேச்சு மெதுவாக வரும், அதுவே எனக்கு எரிச்சல். நான் பத்து வார்த்தை கொட்டி முடிப்பதற்குள் அவர் "உக்காருங்க ஆத்தா" என்பதோடு நிற்பார்.

ஜப்பான்காரன் வந்தான். கொஞ்ச நாளைக்கு எல்லாமே நின்றுபோயிற்று. கிட்டங்கியில் கொள்ளையடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, என் கிராண்டு போயே போயிற்று என்று நான் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டேன். நிலைமை அடங்கியதும் என் வீட்டுக்காரர் போய் விசாரித்தார். மேலாள் எல்லாருடைய பத்திரங்களையும் மண்ணெண்ணெய் டின்னில் போட்டு, அடுப்படியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டாராம். தன் துணிமணியை விட்டுவிட்டார், அது கொள்ளை போயிற்று. எங்கள் காகிதம் போகவில்லை.

நாற்பத்துமூன்றில் என் வீட்டுக்காரரை சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். மூன்று மாசம் என்றார்கள். கோட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். நான் நாலு வயசு மகளையும் இரண்டு டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கிள்ளான் வீட்டுக்கு வந்தேன். வந்த மறுவாரமே கிட்டங்கிக்குப் போய் மேலாளிடம் உள்ளதைச் சொன்னேன். "வட்டி கட்ட வழியில்ல செட்டியாரே. அவரு வந்தாத்தான்."

"அவுக வரட்டும் ஆத்தா," என்றார். "அதுவரைக்கும் நான் உங்க வாசல்ல வந்து நிக்கமாட்டேன். நீங்களும் இதுக்காக இம்புட்டுத் தூரம் நடக்க வேண்டாம்."

சொன்னபடி அவர் வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. நல்ல மனுஷன் என்று நினைத்திருக்க வேண்டும் இல்லையா? நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று மாசம் ஒரு வருஷமாயிற்று, கடிதம் இல்லை. சயாமிலிருந்து தப்பி வந்த ஒருத்தன், அங்கே ஆட்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்றான். ராத்திரியெல்லாம் எனக்கு ஒரே கணக்கு. அவர் திரும்பி வராவிட்டால்? வட்டி வளர்ந்துகொண்டே போகிறதே. செட்டியார் ஏன் கேட்கவில்லை? கேட்காமல் விட்டு, சண்டை முடிந்ததும் மொத்தமாகக் கேட்டு வீட்டை எடுத்துக்கொள்ளத்தான். புருஷன் போன வீட்டில் கூரையும் போனால் நானும் பிள்ளையும் நடுத்தெரு. இந்தப் பயம் என்னைப் பிடித்து ஆட்டியது. இன்றைக்கும் அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதை வைத்துக்கொண்டு செய்ததைத்தான் சொல்கிறேன்.

அரிசிக்கு வரிசையில் நிற்கும்போது ஒருத்தி காதில் போட்டாள். ஜப்பான்காரன் அடித்துவிட்ட நோட்டில், அதுதான் வாழைமரம் படம் போட்ட நோட்டில், பழைய கடனை அடைத்துவிடலாமாம். அந்த நோட்டு அப்போது மூட்டைக்கணக்கில் புழங்கியது. காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. ஆனால் கடன் பத்திரத்தில் அறுநூறு வெள்ளி என்றால் அறுநூறு வெள்ளிதான், அது ஏறாது. என் வீட்டுக்காரர் விட்டுப்போன சைக்கிள் கொட்டகையில் நின்றது. இரண்டு டயரும் நல்ல டயர். கப்பல் நின்றுபோன காலத்தில் டயருக்கு இருந்த மவுசு தங்கத்துக்கு இல்லை. நாற்பத்தைந்தின் ஆரம்பத்தில் அந்தச் சைக்கிளை ஒரு சீனன் ஆயிரத்தி இருநூறுக்கு வாங்கிக்கொண்டான். வட்டியும் முதலும் சேர்த்து எண்ணூற்றுச் சொச்சம். மிச்சத்துக்குக் கொஞ்சம் உப்பும் மரவள்ளிக் கிழங்கும் வாங்கினேன். என்ன கணக்கு பாருங்கள்!

நோட்டுகளைக் கித்தான் பையில் அமுக்கிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். மேலாள் பையைப் பார்த்தார். அவிழ்க்கவே இல்லை.

"இது நான் குடுத்த காசு இல்லியே ஆத்தா," என்றார்.

"பின்னே எந்தக் காசு? ஊர்ல எல்லாம் இதான ஓடுது?"

"ஓடுது. நான் இத வாங்கி முதலாளிக்கு என்ன எழுதுறது? நீங்க எங்கயும் போகப் போறதில்ல, நானும் போகப் போறதில்ல. சண்ட முடியட்டும். வட்டியக்கூட விட்டுடுறேன், முதல மட்டும் குடுங்க போதும்."

வட்டியை விடுகிறேன் என்று ஒரு செட்டியார் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்குக் கோபம் தலைக்கேறியது. கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெட்டி, பத்துப் பன்னிரண்டு மேலாட்கள். எல்லார் காதிலும் விழும்படி கத்தினேன். "ஜப்பான்காரன் காசு செல்லாதுன்னு சொல்றீங்களா? நேரா போலீஸ்ல போய்ச் சொல்லட்டுமா?"

எழுதிக்கொண்டிருந்தவர்கள் எழுத்தை நிறுத்தினார்கள். அந்த நோட்டை மறுத்தவனை ஜப்பான் ராணுவப் போலீஸ் என்ன செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும். கிள்ளானிலேயே ஒரு கடைக்காரனைக் கொண்டுபோனார்கள், திரும்பி வந்தபோது அவன் கையில் நகம் இல்லை. மேலாள் முகத்தில் ரத்தம் இல்லை. "நான் அப்படிச் சொல்லலியே ஆத்தா" என்று மட்டும் சொன்னார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் நடக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. கண்டுபிடித்துவிட்டேன், எங்கே அடித்தால் வலிக்கும் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

கோலாலம்பூரில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். பிரிக்பீல்ட்ஸில் என் பழைய பக்கத்து வீட்டுக்காரிதான் ஆளைச் சொன்னாள். வக்கீல் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மேசையில் தட்டினார். "அவன் வாயத் தொறக்க முடியாதும்மா. தொறந்தா அவன் கத முடிஞ்சுது. கேஸு நம்ம பக்கம்." அங்கேயே எழுத ஆரம்பித்தார். சர்க்கார் வெளியிட்ட நோட்டு நல்ல நோட்டு, சட்டப்படி செல்லும் நோட்டு, அதை வாங்க மறுப்பது குற்றம் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினார். எழுதி முடித்ததும் நான் கித்தான் பையை அவிழ்த்து, "ஐயா, பீஸ் எவ்வளவு?" என்றேன்.

"நோட்டெல்லாம் வேண்டாம்," என்றார். "தென்னமரம் இருக்குன்னீங்கல்ல? ரெண்டு டின் தேங்காயெண்ணெய் கொண்டாந்துடுங்க."

மை காய்வதற்கு முன்னாலேயே சொன்னார். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்காமல் என்ன? நன்றாகவே விளங்கியது. விளங்காத மாதிரி எண்ணெய் ஆட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வழக்கு நாளுக்கு முந்தின நாளே போய் பிரிக்பீல்ட்ஸில் தங்கினேன். கடிகாரத்தையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைத்திருந்த காலம் அது. கோர்ட்டு பத்து மணி என்றால் நம் வெயிலுக்கு எட்டரை. பசி வயிற்றோடு போய் உட்கார்ந்தேன். நீதிபதி நம்மூர் மனுஷர்தான். அவருக்குப் பக்கவாட்டில் ஒரு நாற்காலி போட்டு, முழங்காலில் வாளை வைத்துக்கொண்டு ஒரு ஜப்பான் அதிகாரி உட்கார்ந்திருந்தான். ஒரு துபாஷி அவன் காதில் ஓதிக்கொண்டிருந்தார். மேலாள் தனியாக வந்திருந்தார். எந்த வக்கீலும் அவருக்காக நிற்க ஒப்புக்கொள்ளவில்லையாம். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கூண்டில் ஏறினார்.

"இந்த அம்மா பணம் கொண்டுவந்தபோது வாங்க மறுத்தீரா?" என்று நீதிபதி கேட்டார்.

"ஆமாங்க."

"ஏன்? அது நல்ல காசு இல்லையா?"

துபாஷி அதைச் சொன்னதும் ஜப்பான்காரன் தலையைத் தூக்கினான். மேலாள் நீதிபதியைப் பார்க்கவில்லை, ஜப்பான்காரனையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

"நல்ல காசுதானுங்க," என்றார்.

"பின் ஏன் மறுத்தீர்?"

இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு, "இவுக வீட்டுக்காரர் சயாமுக்குப் போயிருக்காக. தனியா இருக்க பொம்பள. இப்ப இவுக கையிலேருந்து வாங்க வேண்டாம்னு நெனச்சேனுங்க," என்றார்.

கோர்ட்டே சிரித்தது. வட்டிக்கடைச் செட்டியார் இரக்கப்பட்டுப் பணம் வேண்டாம் என்றாராம்! என் வக்கீல் சிரித்தார், நீதிபதி உதட்டைக் கடித்துக்கொண்டார், துபாஷி சொன்னபின் ஜப்பான்காரனும் சிரித்தான். நானும்தான் சிரித்தேன். அவர் கூண்டுக் கட்டையை இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தேன். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. உண்மை என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். பாவி, நான் வாய் திறக்கவில்லை. எதற்கெல்லாமோ நீளும் வாய், அன்றைக்கு மூடிக்கொண்டது.

பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு வாரத்துக்குள் கிராண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு.

போய் வாங்கினேன். மேலாள் நோட்டை ஒவ்வொன்றாக எண்ணினார். குப்பைக்கு ஈடான காகிதம், அவருக்குத் தெரியும். ஆனாலும் நல்ல காசை எண்ணுகிற மாதிரியே எண்ணினார், கிழிந்த ஒன்றைத் தனியே வைத்து ஒட்டினார். பேரேட்டில் வரவு எழுதினார். நில ஆபீஸ் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். கிராண்டை மஞ்சள் துணியில் சுற்றி நீட்டி, "பலக வீடு, கரையான் வரும். டின்லயே வச்சிக்கங்க ஆத்தா," என்றார். நான் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மகளைத் தூக்கிச் சுற்றினேன். அன்று ராத்திரி ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். அதை மறைக்க மாட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் ஒரு கடனோடு போயிருக்கும். முடியவில்லை. என் வக்கீல் அந்தத் தீர்ப்பின் நகலை எண்ணெய்க்கும் அரிசிக்கும் விற்றார். கிட்டங்கியில் வேறு வேறு பெட்டிகளில் கடன்பட்டிருந்தவர்கள் எல்லாரும் அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு நோட்டு மூட்டையோடு வந்தார்கள். தோட்டக்காரன், லோரிக்காரன், பாசாரில் மீன் விற்கிறவன், யாரும் பாக்கியில்லை. எந்த மேலாளும் மூச்சு விடவில்லை. என் மேலாளின் பெட்டியிலேயே இருபது முப்பது பேர் தீர்த்தார்கள் என்று கேள்வி. நான் தெருவில் போனால் "கோர்ட்டுல ஜெயிச்ச அக்கா வருது" என்பார்கள். "கெட்டிக்காரிலா நீ" என்று ஒரு கிழவர் என் தலையில் கை வைத்தார். எனக்கும் நடை மாறித்தான் போயிற்று. அந்த மூன்று மாசம் நான் தலை நிமிர்ந்து நடந்ததை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆகஸ்டில் ஜப்பான்காரன் தோற்றான். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் வாழைமர நோட்டு செல்லாது என்று சொல்லிவிட்டான். சாக்கடையில் நோட்டு மிதந்தது. என் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதில் பட்டம் செய்து விட்டார்கள்.

என் வீட்டுக்காரர் வரவில்லை. அவரோடு போன ஒருத்தர் வந்து, எந்த முகாமில், எந்தக் காய்ச்சலில் என்று சொல்லிவிட்டுப் போனார். அழுதேன். அழுது முடித்துப் பார்த்தால் வீடு இருந்தது. எனக்கும் பிள்ளைக்கும் மிஞ்சியது அது ஒன்றுதான். மேலாளின் சொல்லை நம்பிப் பொறுத்திருந்தால் இந்த வீடு தங்கியிருக்குமா? அவர் சொல் நிற்கும், ஊரிலிருக்கும் முதலாளி சொல் நிற்குமா? தெரியாது. இந்தக் கேள்வியை வைத்து என்னை நானே எத்தனையோ தடவை தேற்றிக்கொண்டிருக்கிறேன். அது கொஞ்ச நேரத்துக்குத்தான் உதவும்.

கிள்ளானில் இறங்கிய வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குத் துணி துவைத்தேன். வருஷ முடிவில் இருபத்திரண்டு வெள்ளி சேர்ந்தது. நல்ல காசு. அதை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். பாதிப் பெட்டிகள் மூடிக் கிடந்தன. மேலாள் அதே பாயில் இருந்தார், இன்னும் ஒல்லியாக.

"உக்காருங்க ஆத்தா," என்றார். என் கழுத்தைப் பார்த்தார், தாலி இல்லை. "கேள்விப்பட்டேன்," என்றார். அவர் கண் கலங்கியது. என் வீட்டுக்காரருக்காக அழுத வெளி ஆள் அவர் ஒருவர்தான்.

நான் காசை முன்னால் வைத்தேன். "மாசாமாசம் தரேன் செட்டியாரே. அறுநூறும் தந்துடறேன். எத்தன வருஷமானாலும் சரி."

அவர் அதைத் தொடவில்லை. "எந்தப் பேர்ல வரவு வைக்கிறது ஆத்தா? உங்க கணக்கு முடிஞ்சு போச்சே. கோர்ட்டு முடிச்சத நான் எப்படித் திறக்கிறது?"

"உங்களுக்கு வச்சிக்கங்க."

"முதலாளி கணக்குல சேராத வெளிக்காசு நான் வாங்கக்கூடாது."

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். முதலாளியிடமிருந்து கடிதம் வந்துவிட்டதாம். செல்லாத நோட்டை யார் வாங்கிப் போட்டாரோ அவர் பொறுப்பாம். மூன்று வருஷத் தவணைக்கு வந்தவர், கப்பல் இல்லாமல் ஆறு வருஷம் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆறு வருஷச் சம்பளமும் அதில் போய்விட்டது, இன்னும் பாக்கி நிற்கிறது. ஊரில் மகள் கல்யாணத்துக்கு நிற்கிறாளாம். வரும்போது அவளுக்குப் பத்து வயசாம். இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது மாதிரி சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "என்னால வந்தது" என்றேன்.

"நீங்க வராட்டி இன்னொருத்தர் வந்திருப்பாக. அத விடுங்க." பேரேட்டை மூடி வைத்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கேன். தப்பா நெனைக்காதீக. அன்னிக்கி நீங்க இங்க வந்து கத்துனப்ப, நான் இந்தக் காசு செல்லாதுன்னே நின்னுட்டேன்னு வைங்க. நீங்க போலீஸ்ல போய்ச் சொல்லியிருப்பீகளா ஆத்தா?"

ஐயோ, இல்லை, சத்தியமாக இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மனுஷன் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். அறுநூறு வெள்ளிக்குப் பதிலாக அதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். பொய்யாகவாவது கொடுத்திருக்கலாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வார்த்தை வரவில்லை.

அவர் தலையை ஆட்டினார். காசை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "சரி ஆத்தா. பிள்ள தனியா இருக்கும், வீட்டுக்குப் போங்க," என்றார்.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த தை பிறந்து, முதல் கப்பலில் அவர் போய்விட்டார் என்று சொன்னார்கள். எந்த ஊர் என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

சொல்லியிருப்பேன். அதுதான் பதில். வீட்டுக்காக அன்றைக்கு நான் அதையும் செய்திருப்பேன்.